திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

முதலாளிமார்களுக்கு வணக்கமுங்க.

ஜூன் 21 வந்தால் சில கம்பெனிகளில் யோகா நடக்கிறது. பேனர், ஒரே நிற டீசர்ட், போட்டோ. முடிந்ததும் ஒன்றரை ஷிப்ட் ஓட்ட மெஷினுக்குப் போய்விடுகிறோம். 2015-இல் தொடங்கிய அந்த யோகா தினத்தோடு எனக்குச் சண்டையில்லை. மற்ற நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் ஓவர்லாக் டெய்லர், துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் மெஷின்காரன். லீவு நாளில் பூங்காவில் மனவளக்கலைப் பயிற்சியும், அதாவது வேதாத்திரி மகரிஷி வகுத்த எளிய யோகப் பயிற்சியும், சொல்லித் தருகிறேன்.

யோகம் நமக்குப் புதிதில்லை. இயமம் முதல் சமாதி வரை யோகத்தின் எட்டு உறுப்புகளையும் திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பாடிவைத்திருக்கிறார். ஆழியாறில் அறிவுத்திருக்கோயில் என்ற யோக மையம் கண்ட அந்த வேதாத்திரி மகரிஷி நெசவாளர் வீட்டுப் பிள்ளை. கை, கால், கண், மூச்சு என்று அவர் வகுத்த எளிய பயிற்சிகள் தறியிலும் தையலிலும் தேய்ந்த உடம்புக்கு நன்றாகவே ஒத்துவருகின்றன.

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கு மூன்றே மூன்று சூத்திரங்கள்தான். முதலாவது, உட்காரும் நிலை உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. சாய்மானம் இல்லாத ஸ்டூலில் பன்னிரண்டு மணி நேரம் குனிந்து தைக்கிறவருக்கு அந்தச் சுகம் எங்கே? முதலில் ஸ்டூலை மாற்றுங்கள். அதைச் செய்யாமல், குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம் சொல்லித் தந்தால், காலையில் போன வலி சாயங்காலம் திரும்பிவிடும்.

நாள்பட்ட இடுப்புவலிக்கு, மாத்திரைக்கு முன் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் அமெரிக்க மருத்துவர்களின் சங்கமான ‘அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்’ 2017-இல் சேர்த்தது. அதற்காகச் சர்க்கரையும் தைராய்டும் ஓடிப்போகும் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

பஞ்சு பறக்கும் ஹாலில் மூச்சுப்பயிற்சி வேண்டவே வேண்டாம். மொட்டை மாடி போதும். சாப்பிட்ட உடனேயும் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும், மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபதி செய்யச் சொல்லாதீர்கள். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்களுக்குக் கண் பயிற்சியும் கழுத்துப் பயிற்சியும்தான் முக்கியம்.

நேரம்? ஷிப்டுக்குள் பதினைந்து நிமிடம். டீ நேரத்தில் மட்டும் கைவைத்துவிடாதீர்கள், யோகாவின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்! அப்புறம், பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக் கணக்கில் கூலி வாங்கித் தைக்கிறவருக்குப் பதினைந்து நிமிடம் என்பது காசு. அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
ஓவர்லாக் டெய்லர் ஒருவர்,
அனுப்பர்பாளையம்.