பூஸ்ட் ஏற்றும் முன் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய டர்போ கார் புதிய ஸ்போர்ட்ஸ் காரைச் சாலையில் முந்துவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை, 'பூஸ்ட்டை 1.5 பார் வரை ஏற்றினால் போதும்' என்று ஒரே வரியில் விஷயத்தை முடித்துவிட்டது. (டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்.) அந்த வரியை நம்பி ஸ்பேனரை எடுப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முந்துவது நடக்காத காரியமல்ல. எங்கிருந்து கிளம்புகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். 1975-ஆம் ஆண்டின் போர்ஷே 911 டர்போவுக்கு 260 குதிரைத்திறன், நான்கே கியர். 2020-இல் வந்த 911 டர்போ எஸ்ஸுக்கு 650 குதிரைத்திறன். நான்கு சக்கரமும் இழுக்க, 2.7 விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பினால், பழைய காரின் பெரிய டர்பைன் (எஞ்சின் புகையால் சுழன்று டர்போவை இயக்கும் சக்கரம்) சுழன்று எழுவதற்குள் போட்டியே முடிந்துவிடும். அதனால்தான் பழைய கார்க்காரர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டியைத் தொடங்கும் உருளும் தொடக்கத்தைக் கேட்பார்கள். எஞ்சினை நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் வைத்தபடி உருட்டிவந்து மிதித்தால், டர்போ தூங்கும் நேரம் கணக்கில் வராது. இதைச் சொல்லாமல் 'பழசு ஜெயித்தது' என்பது பாதிக் கதை.

இனி பூஸ்ட்டுக்கு வருவோம். கேஜில் (வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தத்தை மட்டும் காட்டும் மானியில்) 0.5 பாரிலிருந்து 1.0 பாருக்கு ஏற்றினால் உள்ளே போகும் காற்றின் முழு அழுத்தம் 1.5-லிருந்து 2.0 ஆகிறது. காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்றால் பெட்ரோலும் அதே அளவு கூட வேண்டும். அந்தக் கால கே-ஜெட்ரானிக் என்ற பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பில் காற்று தூக்கும் தட்டு ஒன்றுதான் பெட்ரோலை அளக்கும். தட்டு மேலே முட்டிவிட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு காற்று வந்தாலும் பெட்ரோல் கூடாது. முழு பூஸ்ட்டில் எடையில் 12 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற அளவில் இருக்க வேண்டிய கலவை பெட்ரோல் குறைந்து வறண்டுபோய், நாக்கிங் (கலவை நேரம் தப்பித் தானாகவே வெடிப்பது) தொடங்கும். வெப்பமும் சேர்ந்துகொள்ளும்: 30 டிகிரியில் நுழைந்த காற்று, 1 பார் பூஸ்ட்டில் டர்போவில் காற்றை அமுக்கும் பழைய கம்ப்ரஸரை விட்டு வெளிவரும்போது 130 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாத காரில் அது அப்படியே சிலிண்டருக்குள் போகிறது.

புதிய காரில் நாக் சென்சார் நாக்கிங் சத்தத்தைக் கேட்டதும் இக்னிஷனை (தீப்பொறி விழும் நேரத்தை) ஒரு நொடிக்குள் பின்தள்ளிவிடும். பழைய காரில் இருப்பது ஓட்டுநரின் காது மட்டும்தான். முழு வேகத்தில் சைலன்சர் போடும் இரைச்சலில் அது கேட்காது. அதனால் ஓட்டம் முடிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் இருந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. பளபளக்கும் வெள்ளி மணிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம். அதற்குமேல் ஓட்டக் கூடாது.

பூஸ்ட்டைத் தொடும் முன் மாற்ற வேண்டியது, பூஸ்ட் வரம்பைத் தொட்டதும் திறந்து புகையை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வான வேஸ்ட்கேட்டுக்குப் போகும் சிறிய ரப்பர் குழாயை. வயதான ரப்பர் வெடித்து அழுத்தம் கசிந்தால் வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் வரம்பில்லாமல் ஏறும். மிக மலிவான அந்தக் குழாய்தான் பல எஞ்சின்களைக் காவு வாங்கியிருக்கிறது.

கட்டுரை தொடவே தொடாதது டயரும் பிரேக்கும். மூடிவைத்த காரில் டயரின் வரிகள் ஆழமாகத்தான் தெரியும், ஆனால் ரப்பர் இறுகியிருக்கும். பக்கச்சுவரில் டிஓடி குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 தர ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியதற்கு உத்தரவாதம் 155 டிகிரிதான். கொதித்தால் பெடல் தரைவரை போகும், கார் நிற்காது.

சாலைக்கான கணக்கு இன்னும் கடுமையானது. 160 கி.மீ. வேகத்தில், எதிரே ஒன்றைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒன்றரை விநாடியிலேயே ஏறக்குறைய 67 மீட்டர் ஓடிவிடும். நல்ல டயர், காய்ந்த சாலை என்றாலும் நிற்க மேலும் 125 மீட்டர் வேண்டும். குறுக்குச்சாலையிலிருந்து வண்டியை எடுப்பவருக்கு இது எதுவும் தெரியாது. 402 மீட்டர் (கால் மைல்) ஓட்டத்தை, நேர்கோட்டுப் போட்டிக்கென்றே உள்ள டிராக் ஸ்ட்ரிப்பில் ஓடினால் நேரம் அச்சடித்துக் கையில் வரும், நிற்கவும் இடம் இருக்கும். சாலையில் ஓடினால் யார் ஜெயித்தது என்பதே வாய்ச்சண்டைதான்.

ஓடி முடித்ததும் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது. தண்ணீர் குளிர்ச்சி இல்லாத பழைய டர்போவில், தேங்கும் ஆயில் பேரிங்கிலேயே கருகிக் கரியாகும். இரண்டு நிமிடம் ஐடிலில் ஓட விட வேண்டும்.

கடைசியாக, கட்டுரையின் 1.5 பார் என்பது கேஜ் அழுத்தமா, முழு அழுத்தமா என்பதைத் தயவுசெய்து அடுத்த வாரமே திருத்தமாக வெளியிடுங்கள். முழு அழுத்தம் என்றால் அது வெறும் 0.5 பார் பூஸ்ட், பயப்பட ஒன்றுமில்லை. கேஜ் அழுத்தம் என்றால் அந்தக் காலத்து எஞ்சின் பலவற்றில் ஹெட் கேஸ்கெட்டோ (எஞ்சின் தலைப்பகுதிக்குக் கீழே இருக்கும் அடைப்புத் தகடு) பிஸ்டனோ முதல் ஓட்டத்திலேயே போய்விடும்.

இப்படிக்கு,
பழைய கார் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்