வம்சாவளி கேட்ட மகளுக்கு

மண்டபம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பிய வம்சாவளிப் படத்தை உன் தம்பி ராமநாதபுரத்தில் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டுவந்தான். கூடத்து மேஜையில் விரித்தால் இரண்டு பக்கமும் தொங்குகிறது. செல்போனில் தட்டித் தட்டிப் பதில் எழுத எனக்குப் பொறுமை கிடையாது. இதை எழுதி முடித்ததும் அவனே படம் பிடித்து உனக்கு அனுப்புவான். படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். படிப்பான்.

முதலில் பூட்டன் பிறந்த வருஷம். அவர் ஜாதகத்தில் ஜய வருஷம் ஆவணி என்று இருக்கிறது. நீ 1954 என்று போட்டிருக்கிறாய். அது அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்த வருஷம், பாப்பா. வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும். அவர் பிறந்தது 1894. இது உனக்குத் தெரியாததல்ல, தூக்கக் கலக்கத்தில் போட்டிருப்பாய். அந்தப் படம் எங்களுக்கு வந்தபோது இங்கே பகல் பன்னிரண்டரை. அங்கே விடியற்காலை மூன்று மணி. அதற்கு முன் அனுப்பிய கேள்விகளும் அதே நேரத்தில்தான் வந்திருக்கின்றன. செத்துப்போனவர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள். நேரத்தோடு தூங்கு.

அடுத்தது, பூட்டன் பிறந்த ஜில்லா. ராமநாதபுரம் ஜில்லா 1910-ல்தான் உண்டானது. அதற்கு முன்னால் நம் கரை மதுரை ஜில்லாவில் இருந்தது. அதனால் பழைய ஆவணங்களில் மதுரை என்று போட்டுத் தேடு. 1985-ல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்ததையும் மறக்காதே. காரைக்குடிக்காரர், அருப்புக்கோட்டைக்காரர் எல்லாரையும் ராமநாதபுரம் என்றே அதுவரை எழுதியிருப்பார்கள். நீ கண்டுபிடித்த அந்த ரங்கூன் மனிதர் நம்மவர் இல்லை என்று நினைக்கிறேன். நம் வீட்டு ரங்கூன் விஷயம் வேறே. அதை எழுதினால் உன் சித்தப்பா வீட்டில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

பூட்டன் இலங்கையில் கண்டிக்குத் தோட்ட வேலைக்குப் போனது பாம்பன் பாலம் வந்த பிறகு. பாலம் திறந்தது 1914. தோட்டத்துக்குப் போகிறவர்களை இங்கே மண்டபம் கேம்பில் நிறுத்தி வைத்து, டாக்டர் பார்த்து, அம்மை ஊசி குத்தி, அப்புறம் தனுஷ்கோடியில் கப்பல் ஏற்றி விடுவார்கள். அவர் கழுத்தில் கட்டிவிட்ட தகர டிக்கெட்டில் பெயர் இருக்காது. தோட்டத்து எண்ணும் ஆள் எண்ணும்தான். ஆகையால் பெயரை வைத்துத் தேடி என்ன பிரயோஜனம்? அந்த எண் கிடைத்தால் தோட்டம் எது என்று பிடிக்கலாம். டிக்கெட் சித்தப்பாவிடம் இருக்கிறது. அவர் தரமாட்டார், காரணம் உனக்கே தெரியும். நீ கூப்பிட்டுக் கேட்டால் ஒருவேளை போட்டோவாவது எடுக்க விடுவார். உன்மேல் அவருக்குப் பிரியம் உண்டு.

தாத்தா போய் வந்தது ‘இர்வின்’ கப்பலில். அதை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன், தைரியமாக எழுதிக்கொள். கண்டி அத்தை குடும்பம், தோட்டத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியா திரும்ப எடுத்துக்கொண்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்தவர்கள். ஒப்பந்தம் போட்டது 1964 அக்டோபரில், அந்த டிசம்பரில் புயல் தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போய்விட்டது. அதனால் அவர்கள் இறங்கியது ராமேஸ்வரத்தில், ‘ராமானுஜம்’ கப்பலிலிருந்து. அவர்களுக்குத் தாயகம் திரும்பியவர்கள் என்று குடும்ப அட்டை கொடுத்தார்கள், ரேஷன் அட்டை இல்லை. அதில் பிள்ளைகள் பெயர், வயது எல்லாம் இருக்கும். உன் கணினியில் வருகிற எதையும்விட அது சுத்தமான ஆவணம்.

சின்னத் தாத்தா இறந்த தேதிக்கு நேரே கேள்விக்குறி போட்டிருக்கிறாய். 1964 டிசம்பர் 22 ராத்திரியா, 23 விடியற்காலையா, யாருக்குத் தெரியும்? தனுஷ்கோடி ஜெட்டியில் வேலைக்குப் போனவர். உடல் கிடைக்கவில்லை, இறப்புப் பதிவும் இல்லை. ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவு சொன்னது. அதை வைத்துத்தான் சின்ன அப்பத்தா கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கினாள். நகல் நம் பீரோவில் இருக்கிறது, தம்பியை அனுப்பச் சொல்கிறேன். தீர்ப்பு வரும் வரை அவள் தாலியைக் கழற்றவில்லை. இதைப் படத்தில் எங்கே எழுதுவாயோ.

அமெரிக்காவின் மார்மன் கிறிஸ்தவ சபைக்காரர்கள், யாத்திரை வருகிறவர்களின் தலைமுறைப் பெயர்களை எழுதி வைக்கும் ஹரித்வார் பண்டாக்களின் (புரோகிதர்களின்) பேரேடுகள் பலவற்றைப் படம் பிடித்து இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறார்கள் என்று சொன்னாயே, நல்ல காரியம். வடக்கத்தியார் நம் ராமேஸ்வரத்துக்கு வந்து பிதுர்க்கடன் செய்கிறார்கள், நமக்கு அப்படி ஒரு பேரேடு இல்லையே என்று உனக்கு ஆதங்கம். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் திதி கொடுக்கும்போது வாத்தியார் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். ஆண் வழியில் கடகடவென்று சொல்லிவிடுவேன். பாட்டி, பூட்டி என்று வரும்போதுதான் திணறும். மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள், மாமியார் பெயரை வேறு யாரும் சொன்னதில்லை. அப்படியே போய்விட்டது.

பெண்கள் பெயர் வேண்டுமானால் அப்பா சொல்வதைக் கேள். ஆயுசு முழுக்கப் பத்திரம் எழுதியவன் சொல்கிறேன். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தேடாதே. அதில் தகப்பன், ஆண் பிள்ளைகள், அவரவர் பங்கு, அதோடு சரி. பெண்பிள்ளைக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது, அதுவும் அதற்கு முன் கல்யாணமானவளுக்குக் கிடையாது. இந்தியா முழுக்க வந்தது 2005-ல். பெண்கள் இருப்பது விடுதலைப் பத்திரத்தில். பின்னால் எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று கைநாட்டு வைத்துக் கொடுத்திருப்பார்கள். தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த இடத்தில்தான் அவள் முழுப் பெயர் இருக்கும். 1975-க்குப் பிந்தைய வில்லங்கச் சான்று பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கும், முந்தியது அதில் இல்லையென்றால் மனுப் போட வேண்டும். சேதுபதி சமஸ்தான நிலமாக இருந்ததால் சர்க்கார் பட்டாவும் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு முன்னால் கிடைக்காது.

அப்படி ஒரு விடுதலைப் பத்திரத்தைப் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். தாத்தாவின் தங்கைகள் எழுதிக் கொடுத்தது. மற்ற இரண்டு பேரும் ‘இன்னார் மனைவி’. தங்கச்சிமடத்து அத்தைக்கு மட்டும் ‘இன்னார் மகள்’ என்று எழுதி, அதற்குக் கீழே தோப்பில் கிழக்குப் பாகத்துத் தென்னை அவளுக்கு என்று தனியாக ஒரு ஷரத்து. அவள் திரும்பி வந்தபோது உன் தாத்தா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லையாம். கடைசி வரை நம் வீட்டில்தான் இருந்தாள். உனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள், உனக்கே ஞாபகம் இருக்கும். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அந்த நாலு பேர் பெயர் உன் படத்தில் எங்கேயாவது இருக்கிறதா?

படத்தைப் பதிவு ஆபீஸ் பக்கம் கொண்டுபோய்க் காட்டினேன். ஐந்து தலைமுறையை ஒரு பெண் உட்கார்ந்து கோத்திருக்கிறாளா என்று வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. பூட்டன் ஏறிய கப்பலையே விசாரிக்கிறாய், அம்மா போன் செய்தால் மட்டும் மீட்டிங் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமையுமா மீட்டிங்? சரி விடு. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்தோடு தூங்கு.

ஒன்று மட்டும். படத்தில் எல்லார் கட்டத்துக்கும் பக்கத்தில் ஜோடிக் கட்டம் இருக்கிறது. தம்பிக்குப் பக்கத்தில் அவன் பெண்டாட்டி, கீழே குட்டிப் பயல். உன் கட்டம் மட்டும் தனியாக நிற்கிறது. அச்சடிக்கும்போது விட்டுப்போயிருக்கும் என்றான் தம்பி. அம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. கனடாவில் குளிர் ஆரம்பித்துவிட்டதா?

உச்சிப்புளித் தோப்பை உன் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதலாம் என்று இருக்கிறேன். ரொம்ப நாளாக யோசித்ததுதான், இப்போது ஏன் என்று நினைக்காதே. தம்பிக்குச் சம்மதம், அவன் பெண்டாட்டிக்கும் சம்மதம். எங்களுக்கு ஜீவியகால அனுபவ உரிமை, அதற்கப்புறம் முழுக்க உனக்கு. நீ வரத் தோதுப்படாவிட்டால் துணைத் தூதரகத்தில் பவர் எழுதிச் சான்றொப்பம் வாங்கி அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்வேன். வந்தால் இன்னும் நல்லது. எத்தனை நாள் இருந்தாலும் மாடி அறை காலிதான்.

வரைவை எழுதிவிட்டேன். உன் பெயருக்கு முன்னால் மட்டும் இடம் விட்டிருக்கிறேன். அதை அப்படியே வெறுமனே விட்டால் சார்பதிவாளர் திருப்பிவிடுவார். கணவர் பெயர் போட்டு ‘மனைவி’ என்று எழுதவா, என் பெயர் போட்டு ‘மகள்’ என்று எழுதவா? சட்டப்படி இரண்டும் செல்லும், ஆட்சேபணை சொல்ல யாரும் இல்லை. ‘மனைவி’ என்றால் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. ‘மகள்’ என்றால் எதுவும் அனுப்ப வேண்டாம். உன் ஆதாரில் இன்னும் என் பெயர்தான் இருக்கிறது, நகலும் என்னிடமே இருக்கிறது.

அன்புடன்,
அப்பா