‘எத்தனையில் ஒன்று?’ என்ற வரியை ஏன் எடுத்துவிட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழைய லிமிடெட் எடிஷன் பைக்குகளை விற்கும்போது, “மொத்தம் இத்தனை வண்டிகளில் இது ஒன்று” என்று ரசீதில் ஒரு வரி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்த மாதம் முதல் அந்த வரி இருக்காது. ஏன் என்று பலர் போனில் கேட்டீர்கள், ஒருவர் கோபமாகவே கேட்டார். அவரிடம் சொன்னதை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறோம்.

தப்பு எங்களுடையதுதான். பிரிட்டனின் பழைய பைக் கம்பெனியான பி.எஸ்.ஏ.வின் ராக்கெட் கோல்ட் ஸ்டார் ஒன்றை “1,584-இல் ஒன்று” என்று எழுதி விற்றோம். 1962, 63-இல் அந்த மாடலில் 1,584 வண்டிகள் செய்யப்பட்டன என்பது பி.எஸ்.ஏ. பிரியர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஆனால் நாங்கள் விற்ற வண்டி அந்தக் கணக்கில் சேர்ந்ததா? வாங்கியவர் ஃப்ரேம் நம்பரை, அதாவது சேஸிஸ் நம்பரை, வைத்து விசாரித்தார். பிறக்கும்போது அது பி.எஸ்.ஏ.வின் சாதாரண ஏ10 மாடல், பிற்பாடு யாரோ வேஷம் கட்டியிருக்கிறார்கள். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தோம்.

இந்த மாடலுக்கு வேஷம் கட்டுவது சுலபம். கோல்ட் ஸ்டார் என்ற இன்னொரு பி.எஸ்.ஏ. மாடலின் பாணி ஃப்ரேமில் ஏ10 குடும்பத்து 650 சிசி ட்வின் (இரட்டை சிலிண்டர்) என்ஜினைப் பொருத்தித்தான் தொழிற்சாலையே அதைச் செய்தது. அதே வேலையைப் பின்னால் ஷெட்டில் செய்தவர்கள் ஏராளம். டிஏ10ஆர் என்று என்ஜின் நம்பர் தொடங்கினால் அசல் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். பி.எஸ்.ஏ.வின் வேறு மாடலான சூப்பர் ராக்கெட்டின் என்ஜினிலும் அதே எழுத்துகள்தான்! அப்புறம், அந்தக் காலத்து பி.எஸ்.ஏ.வில் என்ஜின் நம்பரும் ஃப்ரேம் நம்பரும் ஒன்றாக இருக்காது. ஆகவே இரண்டும் வேறாக இருப்பதை வைத்துப் போலி என்றும் சொல்ல முடியாது, அசல் என்றும் சொல்ல முடியாது. எந்த என்ஜின் எந்த ஃப்ரேமோடு வெளியே போனது என்பதற்குத் தொழிற்சாலையின் அனுப்புகைப் பேரேடுதான் சாட்சி.

இன்னொரு சிக்கல், மொத்த எண்ணிக்கையே நிலையாக நிற்பதில்லை. எலிசபெத் அரசியின் வெள்ளிவிழாவுக்காக 1977-இல் டிரையம்ஃப் விட்ட ஜூபிலி பொன்னெவில்லை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனுக்கு ஆயிரம் வண்டி. பிறகு அமெரிக்காவுக்கு இன்னொரு ஆயிரம். மற்ற நாடுகளுக்கென்று மேலும் சில நூறு. ஆயிரத்தில் ஒன்று என்று நினைத்து வாங்கியவர் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒருவராகிவிட்டார். பொய் என்று சொல்ல மாட்டோம், ஆனால் எந்த ஆயிரம் என்று கேட்காமல் நாங்கள் இனி எழுத முடியாது.

இதற்கு நேர் எதிர், 1969-இன் ஹோண்டா சிபி750. அதை யாரும் லிமிடெட் என்று அறிவிக்கவில்லை. எவ்வளவு விற்கும் என்று தெரியாத நிலையில், உலோகத்தை அழுத்தி வார்க்கும் விலை உயர்ந்த பிரஷர் டை அச்சில் உடனே பணத்தைப் போடாமல், முதல் வண்டிகளின் கிராங்க்கேஸை (என்ஜினின் அடிப்பகுதிக் கூட்டை) எளிய அச்சில் வார்த்தார்கள். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்ததால் ‘சாண்ட்காஸ்ட்’ (மணல் வார்ப்பு) என்ற பேர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அது மணல் வார்ப்பே இல்லை. முதல் 7,414 வண்டிகள் அப்படி வந்தன. தொடர் நம்பரே எல்லையைச் சொல்லிவிடுவதால் எங்களுக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. அதிலும் என்ஜின் நம்பரும் ஃப்ரேம் நம்பரும் சற்றுத் தள்ளித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

புதிய வண்டிகளில் குழப்பம் குறைவு என்று நினைத்தால், ராயல் என்ஃபீல்டு பெகாசஸ் இருக்கிறது. 2018-இல் உலகம் முழுவதற்கும் 1,000, அதில் இந்தியாவுக்கு 250. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் இறக்கப்பட்ட ‘ஃப்ளையிங் ஃப்ளீ’யின் நினைவாக வந்தது. என்ஜின் வழக்கமான கிளாசிக் 500-இன் என்ஜினேதான். வரிசை எண் இருப்பது டேங்கில். டேங்கைக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் என்று எங்கள் மெக்கானிக்கைக் கேட்டால் சிரிப்பார். டேங்க் நம்பரை மட்டும் பார்த்துக் கைகொடுக்காதீர்கள், அதோடு சேஸிஸ் நம்பரைச் சேர்த்துச் சொல்லும் காகிதத்தையும் கேளுங்கள்.

சரி, இனி என்ன செய்யப் போகிறோம்? என்ஜின், ஃப்ரேம், லிமிடெட் எடிஷன் வரிசைத் தகடு மூன்றின் நம்பர்களையும் படம் எடுத்து ரசீதோடு தருவோம். எது ஆவணத்தோடு ஒத்துப்போகிறது, எது வெறும் வாய்ச்சொல் என்று பிரித்து எழுதுவோம். பி.எஸ்.ஏ., டிரையம்ஃப் வண்டிகளுக்கு பிரிட்டனின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் பழைய பேரேடுகள் இருக்கின்றன. விண்ணப்பித்தால் சான்று தருவார்கள், அந்த விண்ணப்பத்தை நாங்களே எழுதித் தருகிறோம். தொலைந்த வரிசைத் தகட்டுக்குப் புதுசு அடித்துத் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். நம்பரை மறுபடி பஞ்ச் செய்வதும் இல்லை.

அந்த வரியோடு எங்களிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் ரசீதையும் வண்டியையும் கொண்டு வாருங்கள், கட்டணம் இல்லாமல் சரிபார்த்துத் தருகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள்: வருவதற்கு முன் பளிச்சென்று தெரியட்டும் என்று நம்பர் இருக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள். பழைய பெயின்ட்டும் அழுக்கும் அப்படியே இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடையிலிருந்து உங்கள் நண்பர்கள்