கூலாயிலிருந்து அப்பச்சிக்கு

கூலாய், ஜொகூர்

அன்புள்ள அப்பச்சிக்கு,

நான் நலம். ஆத்தா நலமா? அப்பத்தாவின் முழங்கால் வலிக்கு அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா?

கோடைக்கானலிலிருந்து வரும் கோடை எஃப்.எம். வானொலியை வீட்டின் உள்ளே பட்டாலையில் வைத்தால் இரைகிறது, முகப்புக்குக் கொண்டுபோனால்தான் கொஞ்சம் தெளிகிறது என்று போனில் சொன்னீர்கள். அதற்கு வழி இருக்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். எலக்ட்ரீஷியனிடம் இந்தத் தாளை அப்படியே காட்டலாம்.

முதலில் இங்கத்தி நிலவரம். தாமானில், அதாவது குடியிருப்பில், ஒட்டு ஒட்டாக வரிசை வீடுகள். எங்கள் வீட்டில் ஆலைக்காரர்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டியவரை செம்பனைதான். வெயில் காலம், மழைக் காலம் என்று தனியாகப் பிரியவில்லை. காலையில் கொளுத்தும், சாயங்காலம் இடியோடு கொட்டும். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, மாமாக் என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் கடையில் ரொட்டி சானாய், இந்தியக் கடையில் தோசை. ஆனால் நம் வீட்டுக் காரக்குழம்பின் ருசி எங்கும் இல்லை. தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் போய் டேங்க் ரோடு தெண்டாயுதபாணியைக் கும்பிட்டு வந்தேன். 1859-ல் நம் நகரத்தார் கட்டிய கோயில். கடல் தாண்டி வந்து முருகனுக்கு முதலில் இடம் பார்த்தவர்களை நினைத்து மனசு நிறைந்துபோனது.

வேலை முடிந்து வந்தால் தமிழ்க்குரல் கேட்க வேண்டும் எனக்கு. சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8 எனக்குப் பிடித்தது. நேர்கோட்டில் 40 கிலோமீட்டர்தான், ஆனாலும் வீட்டுக்குள் ரேடியோவின் கம்பியை எப்படித் திருப்பினாலும் இரைச்சல்தான். வீட்டுக்காரம்மா சீனர். கேட்டதும் சரி என்றார். கூரைமேல் குழாய் நட்டு, ஒரே திசையிலிருந்து வரும் அலையை நன்றாக வாங்கும், ஐந்து குறுக்குக் கம்பி உள்ள யாகி ஆண்டெனாவைச் சிங்கப்பூர் பக்கம் திருப்பிக் கட்டினேன். இப்போது செய்தி வாசிப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. அலையைப் பெருக்கும் பூஸ்டர் போடச் சொன்னார்கள், நான் போடவில்லை. குனோங் பூலாய் மலை பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து உள்ளூர் நிலையங்கள் பலமாக வருவதால் பூஸ்டர் திணறிப்போகும். அது இரைச்சலையும் சேர்த்துத்தானே பெருக்கும்?

இனி நம் வீடு. இலங்கை வானொலியை மத்திய அலையில் கேட்ட காலத்தில் இந்தத் தொல்லை இல்லை, அந்த அலை தரையை ஒட்டி வளைந்து வரும். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேராகப் போவது. கோடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் அங்கிருந்து 140 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காரைக்குடிப் பக்கம்வரை எட்டுகிறது. நடுவே சிறுமலை வேறு நிற்கிறது. வந்து சேரும் கொஞ்சநஞ்சமும் நம் வீட்டுக் கனத்த சுவர்களைத் தாண்டிப் பட்டாலைக்குள் வருவதற்குள் தேய்ந்துவிடும். ஆகவே விலை கூடிய ரேடியோ வாங்குவதைவிட ஆண்டெனாவை உயர்த்துவதுதான் பலன் தரும்.

இலங்கை டிவியான ரூபவாகினி பார்க்க மாடியில் நட்ட இரும்புக் குழாய் இன்னும் இருக்கிறதல்லவா, அது போதும். மேலே உள்ள பழைய கம்பிகள் டிவிக்கு அளந்தவை, கழற்றிவிடலாம். கோடை 100.5 மெகாஹெர்ட்சில் வருகிறது. அதற்கு 71 சென்டிமீட்டரில் இரண்டு அலுமினியக் குழாய்கள் வேண்டும். ஒரே கோட்டில், நடுவில் விரல் அகல இடைவெளி விட்டு, பிளாஸ்டிக் துண்டில் பூட்டச் சொல்லுங்கள். டிவிக்குப் போடும் 75 ஓம் கேபிளின் நடுக்கம்பி ஒரு குழாய்க்கு, மேல் வலை மற்றதற்கு. கோடை நமக்கு மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து இருக்கிறது. அதனால் குழாய்கள் தெற்கு வடக்காக இருக்க வேண்டும், முனை மலையைப் பார்த்தால் சத்தம் மிகவும் குறைந்துவிடும். படுக்கையாக வைத்து ஒருமுறை, நிமிர்த்தி ஒருமுறை கேட்டுவிட்டு எது தெளிவோ அப்படி இறுக்கட்டும். இது பற்றாவிட்டால்தான் யாகி. கேபிள் நுழையும் இடத்தில் மழைநீர் இறங்காமல் நன்றாகச் சுற்ற வேண்டும்.

நான் மிகவும் கேட்டுக்கொள்வது இது: மாடியில் உள்ள இரும்புக் குழாயைக் கனமான செம்புக் கம்பியால் பூமியோடு இணைக்காமல் வேலையை முடிக்க விடாதீர்கள். இடி இடித்தால் கேபிளை ரேடியோவிலிருந்து பிடுங்கிவிடுங்கள். இங்கே தினம் மின்னலைப் பார்ப்பதால் சொல்கிறேன். நீங்கள் மாடி ஏறவே வேண்டாம், கீழே நின்று சத்தம் கேட்டுச் சொன்னால் போதும்.

அப்புறம், இரைச்சல் எல்லாம் வானத்திலிருந்து வருவதல்ல. மலிவான எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜரும் பக்கத்தில் இருந்தால் ரேடியோ கரகரக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஸ்டீரியோவை மோனோவுக்கு மாற்றும் பொத்தான் இருந்தால் மாற்றிவிடுங்கள். பாட்டின் அகலம் குறையும், ஆனால் இரைச்சலும் நன்றாகக் குறையும்.

ரேடியோவின் பின்பக்கம் ஆண்டெனா செருகும் துளை இருக்கிறதா? தம்பியிடம் சொல்லி போட்டோ அனுப்புங்கள். இல்லை என்றால் நடுக்கம்பியை ரேடியோவின் நீட்டுக் கம்பியில் கவ்வியால் பிடித்தால் ஆயிற்று. துளை இருந்தால் அதில் செருகும் பிளக்கை இங்கே வாங்கி, அடுத்த மாதம் ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் மகன்