மலர் அக்காவுக்கு, சேலத்தில் பஸ் மாறுவதற்கு முன்

அன்புள்ள மலர் அக்காவுக்கு,

ஆலப்புழைக் கால்வாய்களில் படகேறிச் சுற்றியதையும், கரையோரக் கடையில் கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டதையும் எழுதியிருந்தீர்கள். படங்களை அம்மாவிடமும் காட்டினேன். ஆனால் கடைசி வரிதான் மனதில் நின்றுவிட்டது. ஆடிக் கடைசியில் ஏற்காடு வரப்போகிறீர்கள், சேலத்தில் பஸ் மாறினால் போதும், ஊருக்குள் பார்க்க ஒன்றுமில்லை என்று யாரோ சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பஸ் மாறாதீர்கள் அக்கா. எங்கள் வீட்டில் தங்குங்கள். நீங்கள் ஊர் ஊராகத் தேடிப் போகிற தண்ணீரும் தெருச் சாப்பாடும் இங்கேயும் இருக்கின்றன.

காலையில் கண்ணங்குறிச்சி மூக்கனேரிக்குப் போவோம். சேர்வராயன் மலையில் பெய்கிற மழை ஓடைகளில் இறங்கிப் புது ஏரிக்கு வந்து, அது நிரம்பினால் மூக்கனேரிக்கு வரும். குப்பையும் சாக்கடையுமாகக் கிடந்த இந்த ஏரியை 2010-இல் நகரத்து மக்களே கூடித் தூர்வாரினார்கள். வாரிய மண்ணை லாரியில் ஏற்றி வெளியே அனுப்பவில்லை. ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன, பின்னால் மலை நிற்கிறது. எங்கள் ஊரில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் திருமணிமுத்தாறு. இதைக் காட்டாமல் உங்களை ஏற்காடு அனுப்ப எனக்கு மனம் வராது. சேர்வராயன் மலைப் பக்கம் பிறந்து, நகரத்தின் நடுவில் கோட்டை மாரியம்மன் கோயிலை ஒட்டி ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிற ஆறு. இதன் கரையில் ஐந்து சிவன் தலங்களை வரிசையாகச் சொல்வார்கள். முதலாவது இங்குள்ள சுகவனேசுவரர் கோயில். அடுத்தது உத்தமசோழபுரம் கரபுரநாதர். பாரி மகள்கள் அங்கவைக்கும் சங்கவைக்கும் ஔவையார் திருமணம் செய்துவைத்தது அந்த ஊரில்தான் என்பார்கள்.

அப்படிப்பட்ட ஆற்றில் இன்று போவது பெரும்பாலும் சாக்கடையும் சாயக் கழிவும். மழைக்காலத்தில் உத்தமசோழபுரம் பக்கம் நுரை பொங்கி நிற்கும். நாற்றம் அடிக்கும், மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பாலத்தில் நிற்க வேண்டும். இருந்தாலும் நில்லுங்கள். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பினால் ஆறு சரியாகிவிடாது, உள்ளே வருகிற கழிவை நிறுத்த வேண்டும். மூக்கனேரியை மீட்க முடிந்த ஊருக்கு இதுவும் முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெளியூர்க்காரர்களும் வந்து பார்த்து, ஏன் இப்படி என்று கேட்டால்தான் எங்களுக்கும் உறைக்கும். நாங்கள் குடிப்பது இந்தத் தண்ணீர் இல்லை. முன்பு 1911-இல் கட்டிய பனமரத்துப்பட்டி ஏரி நகரத்துக்குக் குடிநீர் தந்தது, இப்போது மேட்டூரிலிருந்து காவிரி குழாயில் வருகிறது.

சரி, சாயங்காலம் ஆகட்டும். அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று எந்தப் பேட்டைக்குப் போனாலும் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் கிடைக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னத் தட்டுவடை ஒன்றில் பச்சைச் சட்னி, இன்னொன்றில் சிவப்புச் சட்னி. நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே கொத்தமல்லி. இரண்டையும் சேர்த்து ஓர் அழுத்து அழுத்தித் தட்டில் வைப்பார். முழுசாக வாயில் போட வேண்டும் அக்கா. கடித்துச் சாப்பிட்டால் பாதி சட்டையில் விழும். புதினா, பூண்டுக் காரம், பீட்ரூட்டின் இனிப்பு, வடையின் மொறுமொறுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் வரும். நமுத்துப்போவதற்குள் அடுத்ததை எடுக்க வேண்டும். அதனால்தான் வண்டியருகே நின்றே சாப்பிடச் சொல்கிறேன். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது வேறு பண்டம்.

தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட். மாங்காய் செட், பூண்டு செட் என்று கடைக்குக் கடை பட்டியல் நீளும். முறுக்கையும் தட்டுவடையையும் உடைத்துச் சட்னியோடு பிசைந்தால் நொறுக்கல். பொரியைக் காய்கறி, சட்னியோடு கலந்தால் அதற்குக் கரம் என்று பெயர். முட்டைக் கரமும் உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். முதல் தட்டு மட்டும் "அண்ணா, காரம் கம்மியா போடுங்க" என்று சொல்லி வாங்குங்கள்.

மாம்பழக் காலம் முடிந்திருக்கும், அதுதான் குறை. சித்திரை வைகாசியில் வந்திருந்தால் சின்னக்கடை வீதியில் மல்கோவாவும் இமாம்பசந்தும் வாங்கித் தந்திருப்பேன். ஆனால் ஆடியில் வருவதால் வேறொன்று கிடைக்கும். கோட்டை மாரியம்மனுக்கும் மற்றப் பேட்டை மாரியம்மன்களுக்கும் ஒரே சமயத்தில் திருவிழா நடக்கும். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள், சொம்பை நீட்டினால் போதும். குகையில் வண்டி வேடிக்கை நடக்கிற நாளாக அமைந்தால் விடவே மாட்டேன். சாமி வேடம் போட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் ஊர்வலமாக வருவதைப் பார்க்கச் சுற்று வட்டாரமே திரண்டுவிடும்.

மறுநாள் உங்களுக்குப் பிடித்த கால்வாய். 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. அணையில் இருப்பு நன்றாக இருக்கும் ஆண்டுகளில் ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாள் தண்ணீர் விடுவார்கள். எனவே நீங்கள் வரும்போது கால்வாய் நிறைந்து போய்க்கொண்டிருக்கலாம். கரையோடு நடக்கலாம், ஆனால் கால் நனைக்க ஆசைப்பட்டு உள்ளே இறங்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், இழுப்பு அதிகம். பகல் சாப்பாடு மேட்டூரில் மீன் கடைகளில்தான். மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். பிடித்த மீனைக் காட்டினால் கண்முன்னே வறுத்துத் தருவார்கள். ஜிலேபி மீன் கேளுங்கள், முள்ளைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

படகு வேண்டுமென்றால் பூலாம்பட்டி. அங்கே கதவணையில் காவிரி அகலமாகத் தேங்கி நிற்கும். அக்கரை நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறது. அந்தப் பக்கம் ஈரோடு மாவட்டம். சுற்றிக் காட்டுவதற்கு மட்டும் விடும் படகு இல்லை, இரண்டு கரை ஊர்க்காரர்களும் தங்கள் வேலைக்குப் போய்வருகிற படகு. உள்ளூர் மக்களோடு உட்கார்ந்து போகத்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும்.

ஏற்காட்டைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை, நீங்களே படித்திருப்பீர்கள். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜியைச் சூடாக வாங்குங்கள், கிளியூர் அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துவிட்டு இறங்குங்கள். வெயில் ஏறுவதற்குள் மலை ஏறினால் நல்லது, 20 கொண்டை ஊசி வளைவுகள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அம்மா கேட்கிறாள்.

ரயிலில் வருவதாக இருந்தால் சேலம் சந்திப்பிலேயே இறங்குங்கள், நான் வண்டியோடு வந்து நிற்கிறேன். டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்லுங்கள். கால்வாயில் தண்ணீர் விட்டாயிற்றா, வண்டி வேடிக்கை என்றைக்கு என்று கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
தங்கை சுதா
சேலம்