மாடி அறை விஷயமாக

அன்புள்ள செந்தில்,

மொட்டை மாடி வேலை வெள்ளிக்கிழமை முடிந்தது. நீ அனுப்பிய பணத்தில் மிச்சம் இருக்கிறது, கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். கீழ்வீட்டுக்கு மேலே தட்டோட்டைப் பெயர்த்தால், 86-ல் தாத்தா கூடவே நின்று போடவைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் அப்படியே கெட்டியாக இருக்கிறது, கொத்தனாரே இதில் கை வைக்க வேண்டாம் சார் என்றுவிட்டார். மாடி அறைக்கு மேலேதான் ஒன்றுமே இல்லை, வெறும் கான்கிரீட். நான் கட்டியது, தளம் போடாமல் காசு மிச்சம் பிடித்தேன். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி நாம் படுத்த பிறகு உள்ளே கக்கும். இப்போது வெள்ளை டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது, மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு நின்று பார்த்தேன், நிற்க முடிகிறது. பிளஸ் டூ படிக்கும்போதே நீ, வெள்ளையடித்தாலே பாதிச் சூடு குறையும்பா என்றாய், கொத்தனாரிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். பணம் அனுப்பத் தெரிந்தவனுக்கு ஒரு நாள் வந்து நிற்கத்தான் தெரியவில்லை.

ஃபேன் நாலையும் மாற்றிவிட்டேன், பழையது 75 வாட் இழுக்கும், இது 30-தான். புனேயிலும் மாற்று. ஏசியை 26-ல் வைத்து ஃபேனைப் போடு. மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டு, வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு உள்ளே திரை போட்டு என்ன பிரயோஜனம்? ஏசி 26-ல் இருக்கட்டும்.

போன ஞாயிறு வீடியோவில் உன் பின்னால் சமையல் மேடையில் ஒரே ஒரு தட்டு கவிழ்த்து இருந்தது. பாப்பாவின் சின்னத் தட்டைக் காணவில்லை. அம்மா பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். போன மே மாதம் நீங்கள் வந்திருந்தபோது ராத்திரி ஏசி நின்றது லோ வோல்டேஜால் இல்லை. கீழே பெட்டியில் சுவிட்சை இறக்கியது நான்தான். கணக்கெடுக்க நாலு நாள் இருந்தது, 488 யூனிட் ஓடியிருந்தது, 500 தாண்டினால் முன்னே எரித்ததற்கும் சேர்த்து ரேட் ஏறுமே என்று அதுவே மண்டையில் ஓடியது. கவிதா பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள், முதுகெல்லாம் வேர்க்குரு பாப்பாவுக்கு. பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தேன். காலையில் சுவிட்ச் இறங்கியிருக்கிறது என்று அவள் சொன்னதற்கு, எங்கப்பா அப்படிச் செய்ய மாட்டார் என்று நீ அவளிடம் கத்தினாய். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டீர்கள், அதற்குப் பிறகு அவள் போனில் வரவே இல்லை.

அவள் சொன்னதுதான் சரி. சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே அவளிடம் கொடு. அவள் எங்கே இருந்தாலும் கொடு.

அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது.

அப்பா