பூ வெட்டுப்படாமல் காத்தவர்களுக்கு நன்றி

பேரன்புக்குரிய அனைவருக்கும் வணக்கம்.

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயில் ரதவீதியை ஒட்டிய சந்து ஒன்றில் எங்கள் ஆடை வடிவமைப்புக் கூடம் இயங்கத் தொடங்கி இந்த ஆனியோடு ஓராண்டு நிறைகிறது. இங்கே தைத்த ஆடைகளைப் பாராட்டுகிறவர்கள் என் பெயரை மட்டுமே சொல்கிறார்கள். அந்த ஆடைகளில் யார் யாருடைய உழைப்பு இருக்கிறது என்பதை எல்லோரும் அறிய வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி வீட்டுக்கார ஆச்சிக்கு. மரத்தூண்களும் தார்சாவும் பட்டாசாலையுமான அந்தப் பழைய வீட்டை இடித்துக் கடைகள் கட்ட நல்ல விலை பேசி வந்தவர்கள் இருந்தும், "மிஷின் சத்தத்துலயாவது வீடு உயிரோட இருக்கட்டும்" என்று சொல்லி எங்களுக்கு வாடகைக்குத் தந்தார்கள். வெட்டு மேசையை முற்றத்தை ஒட்டிப் போட்டிருக்கிறோம். அங்கே விழும் பகல் வெளிச்சத்தில் அரக்கு நிறத்துக்கும் மாந்துளிர் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு தெரிவதுபோல் எந்த விளக்கிலும் தெரிவதில்லை. சுவர் உதிர்ந்த இடங்களில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்று எங்களைத் தடுத்து, சுண்ணாம்பையே குழைத்துப் பூசித் தந்த கொத்தனார் அண்ணாச்சிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஐப்பசி மழையில் துணிக்கட்டுகள் பூஞ்சணம் பிடிக்காமல் தப்பியது அவர் புண்ணியம்.

இம்மடலில் நான் அதிகம் சொல்ல வேண்டியது வீரவநல்லூர் நெசவாளர் ஐயாவைப் பற்றித்தான். அவ்வூர்ச் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரியும். துணி தறியில் இருக்கும்போதே பூ இழையைக் கையால் கோத்து, புட்டா எனப்படும் செடி உருவங்களை எழுப்பும் பொறுமையான வேலை அது. அத்துணியில் கோட்டும் நீளச் சட்டையும் தைக்க வேண்டும் என்று நான் போய் நின்றபோது ஐயா இசையவில்லை. "முழுசாக் கட்டுனாத்தாம்மா சேலை, வெட்டுனா துண்டுதானே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் நானும் வற்புறுத்தாமல் திரும்பினேன்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து மேசையருகே உட்கார்ந்தார். எங்கள் கட்டிங் மாஸ்டர் பிரௌன் பேப்பர் பேட்டர்னை ஒரு புட்டாத் துணியின்மேல் விரித்துச் சாக்பீஸால் வரைந்துகொண்டிருக்க, கோடு ஒரு செடியின் நடுவே ஓடியது. ஐயா எதுவும் பேசவில்லை. வரைந்து முடித்ததும் அந்தப் பேப்பரைக் கேட்டு வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

அடுத்து அவர் அனுப்பிய துணியில் புட்டாக்கள் சேலைக்குரிய வரிசையில் இல்லை. முன்பாகம், முதுகு, கை என ஒவ்வொரு துண்டும் எங்கே விழும் என்று கணக்கிட்டு, தையலுக்கு விடும் அரை அங்குலத்தையும் ஒதுக்கி, எல்லாச் செடிகளையும் வெட்டுக்கோட்டுக்கு உள்ளேயே நெய்திருந்தார். கத்தரி போகும் வழி முழுவதும் வெற்றுத் துணி. கழுத்துக்கு நான்கு விரல் கீழே, முதுகின் நடுவில், நாங்கள் கேட்காத சிறு செடி ஒன்றும் இருந்தது. மாஸ்டர் கத்தரியை வைத்துவிட்டு, இரு கையாலும் அந்தத் துணியைத் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். இத்தகைய துணிக்கு மீட்டர் கணக்கில் மட்டும் விலை பேசுவது அநியாயம் என்று அன்று உணர்ந்தேன். அதிலிருந்து புட்டாவுக்கென்று தனிக்கூலி வைத்திருக்கிறோம்.

தேரில் தொங்கும் உருளை வடிவத் துணி அலங்காரங்களான தொம்பைகளைத் தைத்துப் பழகிய பெரியவர் ஒருவர், துணிமேல் துணி வைத்து ஓரம் மடித்துத் தைக்கும் முறையை இரண்டு வாரம் உடனிருந்து எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். காஜாவும் ஹெம்மிங்கும் வீட்டிலிருந்தே முடித்துத் தரும் மதினிமார்களுக்கும், வெளியே சாயம் போடக் கொடுத்த துணி முதல் சலவையிலேயே சாயம் விட்டபோது கோபிக்காமல் மறு துணிக்குக் காத்திருந்த மணப்பெண்ணுக்கும், அவர் தாயாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

ஐயா, அடுத்த பேட்டர்ன் தயாராகிவிட்டது. கையின் நீளத்தை இரண்டு அங்குலம் கூட்டியிருக்கிறோம். தேரோட்டம் முடிந்த மறுநாள் நானே வீரவநல்லூருக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

இங்ஙனம்,
கூடத்தின் வடிவமைப்பாளர்,
திருநெல்வேலி டவுன்